அந்த அம்மாவுக்குக் கோபத்தைத் தாரும்

பச்சைக் குடை மறுபடியும் பாஸ்டரின் கதவோரம் சாய்ந்திருந்தது. கம்பி ஒன்று வளைந்த குடை. பஸ் கதவில் மாட்டிக்கொண்டபோது நான் இழுத்த இழுப்பில் வளைந்தது. வாங்கிக் கொடுத்ததும் நான்தான். குடைக்குச் சொந்தக்காரி என் மகள். அவள் உள்ளே உட்கார்ந்து, என்னிடம் சொல்லாததை எல்லாம் எங்கள் கல்லூரிப் பாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் நான் இருந்தேன். என் கதவில் ‘மாணவியர் ஆலோசகர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும்.

கேட்பதுதான் என் தொழில். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘டிஷ்யூ அம்மா’. அப்பா குடிக்கிறார், காதலன் போனை எடுக்கவில்லை, கணக்கு மண்டையில் ஏறவில்லை, கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது, எல்லாம் என் காதில்தான் விழும். கிறிஸ்தவக் கல்லூரியில் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாக வளரும் என்பார்களே, வளர்ந்தாள். நன்றாகவே வளர்ந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

அந்த மனுஷருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது மனமிருந்தால் கேட்கும். எனக்கு இரண்டும் பழுதில்லை. இருந்தும் அவரிடம் போகிறாள். எரியுமா எரியாதா?

இதில் கொடுமை என்னவென்றால், சட்டம் எழுதியவளும் நானே. ஆலோசனை மையம் ஆரம்பித்தபோது நான்தான் விதிகளை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு அறை வாசலிலும் மாட்டினேன். சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை தரக்கூடாது. அறைக்குள் சொன்னதைப் பெற்றவர்களிடம்கூட வெளியே சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லலாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வீட்டில் அவளைக் கடுகு என்போம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள், காரமும் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே அன்றைக்கு நடந்ததை எல்லாம் கொட்டுவாள். யார் யாரைக் கிள்ளினாள், எந்த டீச்சர் தூங்கினார், ஒன்று விடமாட்டாள். “வாயை மூடுடி, தலை வலிக்குது” என்று நான் கத்தியிருக்கிறேன். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு ‘ம்’ என்றாள், ‘ஒண்ணுமில்லம்மா’ என்றாள், ‘அப்புறம் சொல்றேன்’ என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. இப்போது கடைசி வருஷம். படிப்பு முடியப்போகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் காட்டினேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், நேரெதிரே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நேரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும் என்று எங்கள் பயிற்சியில் சொல்வார்கள். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டேன்.

“கடுகு, கொஞ்ச நாளா நீ அமைதியா இருக்கிற மாதிரி தெரியுது. பேசணும்னு தோணினா நான் இருக்கேன்.”

“சரிம்மா.”

“அவசரமில்ல. நீ எப்ப தயாரோ அப்ப.”

“சரிம்மா.”

“உன் நிலைமை எனக்குப் புரியுது.”

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். “என்ன புரியுது?”

எனக்கு என்ன தெரியும்? மென்று விழுங்கினேன். “பொதுவா...”

“பொதுவா புரியுதா? ரொம்ப நல்லது” என்று எழுந்து போய்விட்டாள்.

மேசையின் மறுபாதியில் என் வீட்டுக்காரர் ஒரு பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். எங்கள் வீட்டில் யாராவது சிரிக்கிறார்களோ இல்லையோ, சாப்பாட்டு மேசையில் நாலைந்து செட் பல் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும். “உங்ககிட்டயாவது ஏதாவது சொல்றாளா?” என்று கேட்டேன்.

“இல்ல. நான் கேக்கவும் இல்ல” என்று பல்லில் இருந்த தூளை ஊதினார்.

மறுநாள் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு பாடத்தில் தேறவில்லை. வீட்டில் சொல்லப் பயம். “சொன்னா அம்மா கத்துவாங்க மேடம். வீடே இடிஞ்சு விழுற மாதிரி கத்துவாங்க. அப்புறம் என் பக்கத்துலயே உக்காந்து என்னைவிட அதிகமா அழுவாங்க.”

“அவங்க அப்படிச் செய்யறப்ப உனக்கு எப்படி இருக்கும்?” என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். “நல்லாத்தான் இருக்கும் மேடம்” என்றாள். அவளுக்கு ஒரு டிஷ்யூ கொடுத்தேன். அவள் போன பிறகு நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு அறைகளும் ஒரு காலத்தில் ஒரே கூடம். நடுவே பலகை அடித்துப் பிரித்திருக்கிறார்கள், மேலே ஒரு முழம் இடைவெளி. பாஸ்டரிடம் வருபவர்கள் அவர் காதுக்கு எட்டும்படி பேசியாக வேண்டும். அதனால் அவர் அறையில் ஆள் இருந்தால் நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிடுவேன். தடதடவென்று அது போடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை ஒட்டுக்கேட்டதில்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு.

அன்றைக்குப் பச்சைக் குடையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவள், மின்விசிறியை அணைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். வெட்கம், மானம் எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

ஒரு சத்தமும் இல்லை. முணுமுணுப்புகூட இல்லை. அரைச் செவிடரிடம் ஒருத்தி என்னத்தை இப்படி ரகசியமாகச் சொல்ல முடியும்? காதைப் பலகையில் ஒட்டி வைத்தேன். நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு மேசையில் படார் என்று ஓர் அடி. உடனே என் மகள் சிரித்தாள். கடைசியில் மூக்கால் ஒரு உறிஞ்சல் வருமே, அந்தச் சிரிப்பு. அடுப்படி மேடையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. அதைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று எனக்கு அந்த முக்காலியின் மேல்தான் உறைத்தது. மறுபடி அமைதி. நான் இறங்கி உட்கார்ந்து மின்விசிறியைப் போட்டேன். ஏக்கம் என்று பிள்ளைகள் எத்தனையோ பேர் என் முன்னால் சொல்லியிருக்கிறார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். அது இவ்வளவு கனமானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் பாஸ்டரைத் தேடிச் சிற்றாலயத்துக்குப் போனேன். ஒற்றை ஆளாகப் பியானோ ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

“பாஸ்டர், என் பொண்ணு நல்லா இருக்காளா?”

“எந்தப் பொண்ணு சிஸ்டர்?”

“எனக்கு இருக்கிறதே ஒண்ணுதான்!”

“ஓ, பச்சைக் குடையா? அது உங்க பொண்ணா? ஜாடையே இல்லையே.” அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். கல்லுளிமங்கன்!

“அவ உங்ககிட்ட என்ன பேசறா?”

“அந்தக் கண்ணாடிச் சட்டத்துல இருக்கிறதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. தினமும் படிக்கிறேன்.”

“உயிருக்கு ஆபத்துன்னா சொல்லலாம்னும் எழுதியிருக்கேன்.”

“யார் உயிருக்கும் ஆபத்து இல்ல சிஸ்டர்.”

“என் உயிருக்கு இருக்கு!”

அவர் ஸ்டூலை நிமிர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீச்சிடவில்லை. “அப்படின்னா என் பக்கத்து ரூம்ல ஒரு ஆலோசகர் இருக்காங்க. நல்லவங்கன்னு கேள்வி. ஒரு நடை போய்ப் பாருங்களேன்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எண்ணெய்ப் புட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். “நீங்க சொல்றது புரியுது பாஸ்டர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர்கள் ஜெபத்துக்குக் கூடுவோம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள், கடைசியில் பாஸ்டர் ஜெபிப்பார். இந்த ஜெபக்குறிப்பு இருக்கிறதே, அது ஒரு தனிச் சரக்கு. இன்னார் வீட்டில் இன்னது நடந்தது என்று நடைபாதையில் நின்று சொன்னால் வம்பு. அதையே கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டுச் சொன்னால் ஆத்தும பாரம். எங்கள் வணிகவியல் மேடம் இதில் கரை கண்டவர். “பேர் வேண்டாம். மூணாம் வருஷம். சுருட்டை முடி. போன மாசம் கையில கட்டுப் போட்டுட்டு வந்தாளே, அந்தப் பிள்ளைக்காக” என்பார். எத்தனையோ முறை அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன், நாசூக்கான வார்த்தைகளில். அதனால் என் ஜெபக்குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக.

அந்தப் புதன்கிழமை எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. பாஸ்டர் மனிதர்களிடம் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் ஜெபம் என்று கண்ணை மூடிவிட்டால் பக்கத்தில் ஆள் இருப்பதையே மறந்துவிடுவார். ஒருமுறை கல்லூரி முதல்வர் பக்கத்தில் இருக்கும்போதே, “ஆண்டவரே, முதல்வருடைய உரை முடியும்வரைக்கும் எங்களுக்குப் பொறுமையைத் தாரும்” என்று ஜெபித்தவர். என்னிடம் மறைக்கலாம், ஆண்டவரிடம் மறைக்க முடியுமா? வாய் தவறி ஏதாவது ஒரு வார்த்தை விழாதா என்று பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். காதலா, வியாதியா, கடனா, எதுவென்று தெரிந்தால் போதும்.

“ஒரு ஜெபக்குறிப்பு” என்றேன். “பேர் வேண்டாம். ஒரு அம்மா. ஒரே மகள். அவ எல்லார்கிட்டயும் பேசறா, பெத்தவகிட்ட மட்டும் பேசறதில்ல. அந்த அம்மாவுக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்தது. அது என் திட்டத்தில் இல்லை. வணிகவியல் மேடம் கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு, “ஐயோ பாவம்” என்று மறுபடி மூடிக்கொண்டார்.

பாஸ்டர் எழுந்து நின்றார். அவருக்குக் கேட்கவே இல்லையோ, திரும்பவும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நான் பதறினேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, தெளிவாக ஜெபித்தார்.

“ஆண்டவரே, அந்த அம்மாவுக்குக் கோபத்தைத் தாரும். ஆமென்.”

ஆமென் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கோபத்தை எடுத்துப்போடும் என்று ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறோம். தாரும் என்று யார் கேட்பார்கள்? வணிகவியல் மேடம் என் பக்கம் சாய்ந்து, “காது சரியா கேக்கலபோல” என்றார். நான் குடுகுடுவென்று வெளியே வந்துவிட்டேன். கோபமாம், கோபம்! என்னிடம் இல்லாத பொருளா அது? நான் பிறவி முன்கோபி. என் உள்ளுக்குள் நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருப்பது இவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். பொரிந்து தள்ளியதாக நினைத்தேன். அவர் ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டைத் துணியில் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவர் கேட்டது சரியான பொருள்தான். நம்ம வீட்ல அது தீர்ந்துபோய் வருஷக்கணக்காச்சு.”

“என்ன உளர்றீங்க?”

“கல்யாணமான புதுசுல நீ என் மேல கரண்டி வீசினவ. கடுகை சீப்பும் கையுமா தெருக்கோடி வரைக்கும் துரத்தினவ. அந்த ஆலோசகர் படிப்பு படிச்சே, அதோட போச்சு. போன வாரம் நான் உன் கண்ணாடி மேல உக்காந்து உடைச்சேன். என்ன சொன்ன? ‘நீங்க களைப்பா இருக்கீங்கன்னு புரியுது’ன்ன. எனக்குக் குலையே நடுங்கிருச்சு.”

“கத்தினா குடும்பம் நல்லா இருக்குமா?”

“நல்லா இருக்குமோ என்னமோ, ஆள் இருக்கிறது தெரியும்” என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கதவு படாரென்று திறந்தது. பச்சைக் குடை முதலில் பறந்து வந்து சோபாவில் விழுந்தது. பின்னால் கடுகு.

“நான் உனக்கு ஜெபக்குறிப்பாம்மா?”

வணிகவியல் மேடம் அவளைக் கல்லூரி வாசலில் மடக்கியிருக்கிறார். அத்தனை பேர் பார்க்கத் தலையில் கையை வைத்து ஜெபித்திருக்கிறார். “காவலாளி ஆமென் சொன்னார்மா! கேன்டீன்ல இருந்து எட்டிப் பாத்தவங்க எல்லாம் ஆமென் சொன்னாங்க! என்கிட்ட கேக்கத் தெரியாம ஊரைக் கூட்டிக் கேப்பியா?”

என் தலை தானாகச் சாய்வதை உணர்ந்தேன். “கடுகு, உன் கோபம் எனக்குப் பு...”

“புரியுதுன்னு மட்டும் சொல்லிடாத!”

அவள் மூச்சு வாங்க நின்றாள். பிறகு, அத்தனை காலமாக நான் தவம் கிடந்த வார்த்தைகள் வந்தன.

“நான் போறேன்மா. படிப்பு முடிஞ்சதும். கடல் தாண்டி ஒரு ஊர்ல, காது கேக்காத பிள்ளைங்களுக்கான மிஷன் ஸ்கூல். விடுதியில அவங்களோட தங்கி, அவங்களைப் பாத்துக்கிற வேலை. சேந்துட்டேன். ரெண்டு வருஷம் வர முடியாது.”

“பாஸ்டருக்குத் தெரியுமா?”

“அவர்தான் கைமொழி சொல்லித் தர்றார். அவர் தங்கச்சிக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்காது. வீட்ல கையாலதான் பேசிப்பாங்களாம்.”

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த அமைதி எனக்கு அப்போது விளங்கியது. என் மகள் கையால் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வாய் இருக்கிறதே, அது பழக்கதோஷம். “உன் முடிவை நான் மதி...”

“பாத்தியா? பாத்தியா?” அவள் கத்திய கத்தலில் மேசை மேல் இருந்த பற்கள் அதிர்ந்தன. “இதுக்குத்தான் சொல்லல! நீ மதிப்பேன்னு எனக்குத் தெரியும். உன் ரூமுக்கு வர்ற எல்லாப் பொண்ணுங்களையும்தான் மதிக்கிற. நானும் வரிசையில நின்னு ஒரு டிஷ்யூ வாங்கிட்டுப் போகணுமா? நீ சண்டை போடுவ, கத்துவ, எப்படிச் சமாளிக்கிறதுன்னு பாஸ்டர்கிட்ட ஒத்திகை பாத்தேன்மா. அவர் நீயா நடிப்பார். கையாலயே திட்டுவார், மேசையை அடிப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. இன்னைக்குச் சொல்லிடணும்னு வீட்டுக்கு வருவேன். நீ தலையைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. எப்படிச் சொல்ல? உன் பொண்ணு போறேங்கிறேன். உனக்கு ஒண்ணுமே இல்லையா?”

ஒன்றுமே இல்லையாவா? எனக்கா?

வந்தது. உள்ளங்காலில் இருந்து வந்தது.

“அடியே! யாரைக் கேட்டுடி முடிவு பண்ணின? ரெண்டு வருஷமா? உனக்கு டவுன் பஸ்ல போனாலே வாந்தி வரும், நீ கடல் தாண்டுவியா? ராத்திரி போர்வையை உதைச்சுட்டுக் கிடப்பியே, அங்க யாருடி எடுத்துப் போர்த்துவா? ஊர்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் என் மேசையில வந்து அழும், என் பொண்ணு எங்கயோ தனியா உக்காந்து அழுவாளா? நான் எதுக்குடி இருக்கேன்? நீ இல்லாத வீட்ல இந்தப் பல்லுங்களோடயா நான் பேசிட்டு உக்காந்திருக்கணும்? போகாதடி! நீ போகக்கூடாது! போகாத!”

கையில் என்ன கிடைத்தது என்று பார்க்கவில்லை, எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். இரண்டாக உடைந்தது.

“அது பேங்க் மேனேஜரோட கீழ்த்தாடை” என்றார் என் வீட்டுக்காரர். எழுந்து, உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கடுகு அப்படியே நின்றாள். கண்ணில் இருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மூக்கால் அந்த உறிஞ்சல்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

“போகாதடி.”

“போவேன்மா.”

“போகாதடி, என் கண்ணு.”

“போவேன்” என்று வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். டிஷ்யூ பெட்டி பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. என் புடவைத் தலைப்பு போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் நாங்கள் தினமும் சண்டை போட்டோம். எந்தப் பெட்டி எடுப்பது, எத்தனை ஸ்வெட்டர் வைப்பது, எதற்கும் சண்டை. அவள் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து, வளர்ந்த காலை ஆட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகளை எழுப்ப மணி கிடையாதாம், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்களாம். அங்கே போவதை நினைத்தால் பயமாக இருக்கிறதாம். போகாமல் இருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறதாம். எனக்கும் கைமொழி சொல்லித்தரப் பார்த்தாள். என் விரல்கள் வளைந்து கொடுக்கவில்லை. ‘சாப்பிட்டியா’ என்பதை மட்டும் எப்படியோ கற்றுக்கொண்டேன். “அது போதும்மா, நீ கேக்கப்போறது அது ஒண்ணுதான்” என்றாள். உடனே அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவள் வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் கையை உயர்த்தி, ஏதோ சொன்னாள். கையை முன்னால் தள்ளினாள், ஒற்றை விரலை ஆட்டினாள், நெஞ்சைத் தொட்டாள். எனக்குத் தெரிந்த ‘சாப்பிட்டியா’ அதில் இல்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை.

ஆயிரம் பிள்ளைகளிடம் ‘புரியுது’ என்று சொன்ன வாய் இது. அன்றைக்குத் திறந்தது.

“ஒண்ணும் புரியலடி!”

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “எனக்கு ஒண்ணும் புரியலடி கடுகு! திரும்பி வந்து சொல்லு!” என்று கண்ணாடியைத் தட்டினேன். தடித்த கண்ணாடி. அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நான் கத்துவது தெரிந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதே கைகளால் அதையே மறுபடி சொன்னாள். வரிசை நகர்ந்து அவளை மறைத்தது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கல்லூரிக்குப் போனேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டியில் இடமில்லை என்று அவள் விட்டுப்போன பச்சைக் குடை என் கையில் இருந்தது. அதைப் பாஸ்டரின் கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய், அவள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இது என்ன பாஸ்டர்?” என்று அவள் செய்த மாதிரியே செய்து காட்டினேன். கையை முன்னால் தள்ளினேன், விரலை ஆட்டினேன், நெஞ்சைத் தொட்டேன். “அறைக்குள்ள சொன்னது வெளிய போகக்கூடாதுன்னு ஆரம்பிக்காதீங்க. இது அறைக்குள்ள சொன்னது இல்ல. ஏர்போர்ட்ல சொன்னது.”

அவர் என் கைகளையே பார்த்தார். “மறுபடி பண்ணுங்க.”

பண்ணினேன்.

“நாளைக்கும் என்னைத் திட்டு” என்றார். “அப்படித்தான் சொல்லியிருக்கா.”

நான் கைப்பையில் இருந்து போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன். மணி போகவில்லை. இந்நேரம் கடலுக்கு மேலே எங்கேயோ இருந்திருப்பாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, “அடியே, குடையை விட்டுட்டுப் போனியே, அங்க மழை பெஞ்சா என்னடி பண்ணுவ? அறிவு இருக்கா உனக்கு?” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பாஸ்டர் நாற்காலியை மெல்லத் திருப்பி, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.